பன்னெண்டே சொச்சம் ஆடு

வா தாயி, வா. டீச்சரம்மா ஞாயித்துக்கிழமையும் அதுவுமா திண்ணைக்கு வந்திருக்காகன்னா ஒண்ணு கரண்டு இருக்காது, இல்லாட்டி செல்லுல சார்ஜ் இருக்காது. ரெண்டும் இருக்கா? அப்பச் சந்தோச சேதியாத்தான் இருக்கும். உக்காரு. அந்தச் சொளகை இங்கிட்டுத் தள்ளு. கடலையை உரிச்சுக்கிட்டே கேக்குறேன். காதுக்கு வேலை வந்தா கைக்கு லீவு விடணும்னு எந்த ஜி.ஓ.வும் இல்ல.

என்னது, செல்லுல இருக்கிற ஏ.ஐ. மிஷின் நாலு நிமிசத்துல போட்டுக் கொடுத்துருச்சா? ஏழாங்கிளாஸ் கணக்குத் தாள், இருபது கேள்வி, விடைக்குறிப்போட? அடேயப்பா. போன மாசம் வரைக்கும் மூணு கைடை மடியில விரிச்சு வச்சுக்கிட்டு ராத்திரி பதினோரு மணி வரைக்கும் கிறுக்கிக்கிட்டு இருப்ப. உங்க அப்பத்தா ரெண்டு தடவ காப்பி போட்டுத் தருவா. இனிமே காப்பித்தூள் மிச்சம். மொத லாபம், எழுதிக்கிட்டேன்.

கொடு அந்தத் தாளை. கண்ணாடி எங்க? ம்... நல்லாத்தான் இருக்கு. கோணல் மாணல் இல்ல, அடிச்சல் திருத்தல் இல்ல. கல்யாணப் பத்திரிக்கை கெட்டுச்சு போ. ஏழாவது கேள்வியை மட்டும் வாசிக்கிறேன், கேளு. 'ஒரு விவசாயியிடம் 45 ஆடுகள் உள்ளன. அவற்றுள் 2/7 பங்கை அவர் சந்தையில் விற்றார் எனில், விற்கப்பட்ட ஆடுகளின் எண்ணிக்கை யாது? அ) 12 ஆ) 13 இ) 14 ஈ) 15.' விடை ஆ-ன்னு போட்டிருக்கு. பதிமூணு ஆடு.

அந்தக் கடலையில நாப்பத்தஞ்சை எண்ணி இங்கிட்டு வை. ஏழு குமியாப் பிரி. குமிக்கு ஆறு போக மூணு மிச்சம் நிக்குதா? ரெண்டு குமியைத் தள்ளு. பன்னெண்டு ஆடு சந்தைக்குப் போயிருச்சு. மிச்சம் நிக்கிற மூணு ஆட்டுலயும் ஏழுல ரெண்டு பங்கு போகணும்ல? அதைக் கூட்டினா ஒரு ஆட்டுல ஏழுல ஆறு பங்கு. அப்ப அந்தச் சம்சாரி பன்னெண்டு முழு ஆட்டையும், ஒரு காலும் கொஞ்சம் வாலும் கொறஞ்ச இன்னொரு ஆட்டையும் பத்திக்கிட்டுப் போயிருக்கான். எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தைக்கு எத்தனையோ வருசமா போய்க்கிட்டு இருக்கேன். இப்படி ஒரு உருப்படியை எந்தத் தரகனும் புடிச்சு நான் பாத்ததில்ல.

கோவிச்சுக்காத. சிரிக்கத்தான் செஞ்சேன், மிஷினைத் தூக்கிக் கெணத்துல போடுன்னு சொல்லல. நானும் ஒரு மிஷினோட குடும்பம் நடத்துனவன்தான்.

ஹைஸ்கூல்ல முப்பத்தோரு வருசம் பியூன். பேருக்குத்தான் பியூன், பரீட்சை வந்துட்டா நான்தான் அச்சாபீஸ். சைக்ளோஸ்டைல் மிஷின்னு ஒண்ணு இருந்துச்சு, நீ பாத்திருக்க மாட்ட. மெழுகு பூசின ஸ்டென்சில் தாளை டைப்ரைட்டர்ல மாட்டி, ரிப்பனை விலக்கி வச்சுட்டு அடிக்கணும். எழுத்து வந்து விழுந்த எடத்துல மெழுகு வெட்டுப்படும். கணக்கு சாருக்கு முக்கோணம், வட்டம் வேணும்னா ஊசிமூக்கு எழுத்தாணியால கீறணும். ஒரு இழை கூட அழுத்திட்டா வட்டம் மொத்தமாக் கழண்டு விழுந்துரும். அப்புறம் தாளுக்குத் தாள் வட்டம் இருக்க வேண்டிய எடத்துல தோசைக்கல்லு மாதிரி கருப்பா ஒண்ணு வரும். தப்பா அடிச்சுட்டா செவப்புத் தைலம் ஒண்ணைத் தடவி, ஊதி ஊதிக் காய வச்சு, அதுமேல திரும்ப அடிக்கணும். அதுக்கப்புறம் உருளையில மாட்டி மையை ஊத்திச் சுத்தணும். பரீட்சை மாசம் பூரா சோத்துக் கையில மை வாடைதான். உங்க அப்பத்தா சட்டியைத் தொட விடமாட்டா.

இதை எதுக்குச் சொல்றேன்னா, ஒரு ஸ்டென்சில் கிழிஞ்சா எச்.எம். கணக்குக் கேப்பாரு. அதனால வாத்தியாருக கேள்வியை எங்கையில தர்றதுக்கு முந்தி நாலு தடவ அடிச்சு எழுதியிருப்பாக. இது வேணுமா, இதையும் அதையும் ஒண்ணாக் கேட்டுரலாமா, இந்த எண்ணை வச்சா பதில் முழுசா வருமான்னு பாத்திருப்பாக. நல்ல மனசுல பாத்தாகன்னு சொல்லல. பாதிப் பேரு ஸ்டென்சிலுக்குப் பயந்துதான் யோசிச்சாக. பயத்துல யோசிச்சாலும் யோசனை யோசனைதானே.

இப்ப உனக்குக் கேள்வி பம்புசெட்டுத் தண்ணி மாதிரி கொட்டுது. சும்மா வர்ற தண்ணி தென்னைக்கும் பாயும், சீமைக்கருவேலத்துக்கும் பாயும்.

லாபத்தைப் பேச விடாம நட்டத்தையே பேசுறேன்னு மூஞ்சியைத் தூக்காத. பேசுவோம். நீ ஒருத்தி ஆறு, ஏழு, எட்டு மூணு கிளாசுக்கும் கணக்கு நடத்துற. சயின்ஸ் டீச்சர் மாறுதல்ல போனதுல இருந்து அதையும் உன் தலையில கட்டிட்டாக. தமிழ் மீடியம் பாதி, இங்கிலீஷ் மீடியம் பாதி, ஒரே ரூம்பு. ரெண்டு டீச்சரை வச்சுக்கிட்டு அஞ்சு கிளாஸ் நடக்கிற தொடக்கப்பள்ளிக்கூடம் சுத்துப்பட்டுல எத்தனை இருக்கு? அங்க ஒரு டீச்சர் கிளாசுக்கு ஒரு தாள் எழுத உக்காந்தா சொந்தப் புள்ளைக்குச் சோறூட்ட நேரமிருக்காது. அவுகளுக்கு இந்த மிஷின் வந்தது கோடையில மழை பேஞ்ச மாதிரி. அதை நான் இல்லைன்னா என் நாக்கு அழுகிப்போகும்.

இன்னொரு லாபம் அதைவிடப் பெரிசு. நம்ம ஊரு பரீட்சை வியாதி என்ன? புக் பேக். பாடத்துக்குப் பின்னால இருக்கிற கேள்வியைக் கைடு பாத்து உருப்போட்டுட்டா முடிஞ்சது. போதாததுக்கு பி.டி.ஏ. புக்கு. பத்தாங்கிளாஸ் கணக்குத் தாளை எடுத்துக்க. ஒரு மார்க் 14, ரெண்டு மார்க் 10, அஞ்சு மார்க் 10, எட்டு மார்க் 2, மொத்தம் 100. அதுல 28-வது கேள்வியும் 42-வது கேள்வியும் கட்டாயம். 'கைடுல இல்லாத சங்கதி அங்கதான் பதுங்கி இருக்கும்'னு புள்ளைக அய்யனார் கோயில் குதிரையைப் பாத்த மாதிரி அதைப் பாத்து நடுங்குதுக. மார்ச் மாசத்துல எங்கிட்ட வந்து விபூதி பூசிக்கிட்ட பயலே உண்டு, அந்த ரெண்டு கேள்விக்காக. இந்த மிஷின் நெனச்சா ஒரே கணக்கை ஆயிரம் எண்ணுல மாத்தி மாத்திக் கொடுக்கும். உருப்போட வழியில்லாமப் பண்ணிரும். பக்கத்து பக்கத்து பெஞ்சுக்கு வேற வேற தாள் கொடுத்தா எட்டிப் பாக்கிறவன் கழுத்து வலிதான் மிச்சம். முப்பது வருசமா ஒரே கேள்வியை அட்டை மாத்தி வித்த கைடுக்காரன் வயித்துல அடிக்கிற மிஷின்னா எனக்குச் சந்தோசம்தான்.

இப்ப நான் ஒரு கதை சொல்றேன். எங்க ஸ்கூல்ல ஒரு கணக்கு சார் இருந்தாரு. நாலு பதில் கொடுத்து ஒண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொல்ற கேள்வி அப்பத்தான் புதுசு. 1/2 கூட்டல் 1/3 எவ்வளவுன்னு ஒரு கேள்வி போட்டிருந்தாரு. சரியான பதில் 5/6. அது போக 2/5-ன்னு ஒரு பதில். நான் ஸ்டென்சில் அடிக்கும்போதே கேட்டேன், 'என்ன சார், தப்பு விடைதானே, ஏதாவது ஒண்ணைப் போட்டா ஆகாதா, இந்த ரெண்டு பை அஞ்சுதான் வேணுமா?' அவரு சொன்னாரு: 'இல்லப்பா, மேல இருக்கிற ஒண்ணையும் ஒண்ணையும் கூட்டி, கீழ இருக்கிற ரெண்டையும் மூணையும் கூட்டுற பயலுக எத்தனை பேருன்னு எனக்குத் தெரியணும். அவன் நேரா இதுல வந்து விழுவான். எண்ணிப் பாத்துட்டு நாளைக்கு என்ன நடத்தணும்னு முடிவு பண்ணுவேன்.' அந்தப் பரீட்சையில பாதி வகுப்பு 2/5-ல விழுந்துச்சு. மறுநாள் அவரு புதுப் பாடம் தொடங்கல. ஒரு கொய்யாப்பழத்தையும் கத்தியையும் எடுத்துக்கிட்டு வகுப்புக்குப் போனாரு.

அந்த 2/5 எந்தக் கைடுல இருந்துச்சு? பத்து வருசம் செவப்பு மையால நோட்டுத் திருத்தின கையில இருந்துச்சு. உன் மிஷின் போட்ட நாலு பதிலைப் பாரு. 12, 13, 14, 15. படிக்கட்டு மாதிரி வரிசையா நிக்குது. 15 போட்ட பயலுக்கு என்ன புரியலைன்னு உனக்குத் தெரியுமா? அவனுக்கே தெரியாது.

அதுவாவது கணக்கு. சயின்ஸ் தாள் சங்கதி உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். கீழத்தெருப் பய ஒருத்தன், ஆறாங்கிளாஸ், சாயங்காலம் என் ஆட்டோட அவன் ஆட்டையும் சேத்துப் பத்திக்கிட்டு வருவான். 'என்னடா, இருபதுக்குப் பதினேழாமே'ன்னு கேட்டேன். 'தாத்தா, டீச்சர்ட்ட சொல்லிராதீக. செல்லு போட்ட தாள்னா எந்தப் பதிலு நீளமா இருக்கோ அதுக்கு டிக் அடிச்சாப் போதும்'ங்கிறான். எடுத்துப் பாத்தேன். மூணு பதில் ஒத்தை வார்த்தையில குட்டையா நிக்குது. நாலாவது மட்டும் 'ஏனெனில்'னு வாலை ஆட்டிக்கிட்டு ரெண்டு வரிக்குப் போகுது. பழைய வாத்தியாருக தாள்லயும் இந்த வாலு உண்டு, பொய் சொல்லக் கூடாது. ஆனா இம்புட்டு நீளமில்ல. அவன் கேள்வியை வாசிக்கவே இல்ல தாயி. நீ மிஷினை விட்டு அவனைச் சோதிச்ச, அவன் மிஷினையே சோதிச்சு ரிசல்ட்டும் போட்டுட்டான். பெரிய ஆளா வருவான், பாத்துக்க. நான் சொன்னேன்னு அவன் காதைத் திருகிராத.

நீ அன்னைக்கு ஒண்ணு வாசிச்சுச் சொன்னியே, கனடாவுல ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்துல மார்க் கியேர்ல்னு ஒருத்தர், கேள்விக்கு அச்சு செஞ்சு வச்சு அதுல எண்ணையும் சொல்லையும் மாத்தி மாத்திக் கம்ப்யூட்டரை வார்க்கச் சொல்றாருன்னு. அது எனக்குப் புடிச்சிருந்துச்சு. நம்ம செங்கச் சூளை அச்சுதான் அது. அச்சை நேரா அடிச்சவன் ஆயிரம் கல்லையும் நேரா அறுக்கலாம். ஆட்டுக் கணக்குல எண்ணு வர்ற எடத்துல ஏழாம் வாய்ப்பாட்டுல உள்ள எண்ணு மட்டும்தான் வரணும்னு ஒரு கட்டுப் போட்டுட்டா, எத்தனை தடவ வார்த்தாலும் ஆட்டுக்குக் காலு கொறையாது. அதுக்கு அச்சு செய்யத் தெரிஞ்ச ஆசாரி வேணும். உன் செல்லு அந்தச் சாதி இல்ல. அது வாயாடி. கேட்ட உடனே கேட்டதைப் பேசும், கோணலா இருந்தாலும் நிமிந்து நின்னு பேசும்.

சரி, கோணலைப் பாத்துத் திருத்திக்கிட்டாப் போச்சுன்னு சொல்லுவ. அங்கதான் தாயி செலவே இருக்கு. நீயே எழுதின கேள்வியில தப்பைக் கண்டுபிடிக்கிறது கஷ்டம். அடுத்தவன் எழுதினதுல கண்டுபிடிக்கிறது அதைவிடக் கஷ்டம், ஏன்னா தூக்கம் வரும். அதுலயும் இப்படிப் பளபளன்னு அச்சடிச்சு வந்தா கண்ணு வழுக்கிக்கிட்டுப் போயிரும். வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு வர்றவன்கிட்ட 'பழைய பாக்கி என்னாச்சு'ன்னு யாரு கேக்கிறா? நெசமாச் சொல்லு, இந்த இருபது கேள்வியையும் பேனா எடுத்து நீ போட்டுப் பாத்தியா? பாத்திருந்தா ஏழாவதுல மாட்டியிருப்ப. முந்தி மூணு மணி நேரம் எழுதின. இப்ப நாலு நிமிசம் எழுதி, ஒரு மணி நேரம் சரிபாத்தாலும் ரெண்டு மணி நேரம் லாபம்தான். ஆனா எழுதுறது மிஷினுக்குப் போனதோட சரிபாக்கிறதும் போயிருச்சுன்னு நீ நெனச்சுக்கிட்ட. மாட்டை வித்தவன் கயித்தையும் சேத்துக் கொடுத்த கதை.

சரிபாக்காம விட்டா என்ன ஆகும்னு நமக்கு யாரும் புதுசாச் சொல்லித்தர வேண்டியதில்ல. 2018 நீட் பரீட்சை ஞாபகம் இருக்கா? உன் சித்தி மக எழுதினாளே. மொத்தம் 180 கேள்வி. தமிழ்த் தாள்ல 49 கேள்வியில மொழிபெயர்ப்புக் கோளாறுன்னு மார்க்சிஸ்ட் எம்.பி. டி.கே. ரங்கராஜன் மதுரை ஹைகோர்ட் கிளைக்குப் போனாரு. சிறுத்தைன்னு வர வேண்டிய எடத்துல 'சீத்தா'ன்னு இருந்துச்சு. நம்ம தோட்டத்துல சீத்தாப்பழம் உண்டு, அது என்னைக்கு மானை வெரட்டுச்சு? கேள்விக்கு நாலு மார்க் வீதம் 196 மார்க்கைப் புள்ளைகளுக்குக் கொடுங்கன்னு ஹைகோர்ட்டு சொல்லிருச்சு. அப்புறம் சுப்ரீம் கோர்ட்டு அது செல்லாதுன்னுருச்சு. கோர்ட்டுக ரெண்டும் பேசி முடிச்சப்ப அந்தப் புள்ள வேற காலேஜுல சேந்து மொத செமஸ்டர் எழுதிக்கிட்டு இருந்துச்சு. அந்தத் தாளை ஒரு தமிழ் வாத்தியாரும் ஒரு உயிரியல் வாத்தியாரும் ஒரு டீயைக் குடிச்சுக்கிட்டே வாசிச்சிருந்தா ரெண்டு கோர்ட்டுக்கு வேலை மிச்சம்.

உன் செல்லும் அதே வேலையைத்தான் செய்யும். இங்கிலீஷ் மீடியத்துக்கும் தமிழ் மீடியத்துக்கும் ஒரே தட்டுல ரெண்டு தாள் கேட்டியே, வாங்கிப் பாரு. சராசரி இருக்க வேண்டிய எடத்துல 'அர்த்தம்' இருக்கா, அட்டவணை இருக்க வேண்டிய எடத்துல 'மேசை' கெடக்கான்னு பாரு. ஏழாங்கிளாஸ் புள்ளை மேசையைப் பாத்து எப்படித் தாயி கணக்குப் போடும்?

மனுசன் மட்டும் யோக்கியமான்னு கேப்ப. இல்ல. 2024 நீட்ல அணுவைப் பத்தி ஒரே ஒரு கேள்வி. பழைய என்.சி.இ.ஆர்.டி. புத்தகம் படிச்சவன் ஒரு விடை போட்டான், புதுப் புத்தகம் படிச்சவன் வேற விடை போட்டான். ரெண்டு பேருக்கும் மார்க் கொடுத்துட்டாக. முழு மார்க் 720 வாங்கினதா மொதல்ல வந்தது 67 பேரு. அதுல 44 பேருக்கு அந்த ஒரு கேள்விதான் தூக்கி விட்டுச்சு. சுப்ரீம் கோர்ட்டு டெல்லி ஐ.ஐ.டி.யில மூணு நிபுணர்களை உக்கார வச்சு எது சரின்னு கேட்டுச்சு. நாலாவது விடை மட்டும்தான் சரின்னு வந்துச்சு. திருத்தின ரிசல்ட்டுல முழு மார்க் 17 பேரு. ஒரு கேள்வி, தாயி. ஒத்தைக் கேள்வி.

அமெரிக்காவுல நடந்ததையும் உன் அண்ணன் போன்ல சொன்னான். கலிபோர்னியாவுல வக்கீல் ஆகிறதுக்கு ஒரு பரீட்சை. 2025 பிப்ரவரியில நடந்தது. மார்க்குக்கு எடுத்துக்கிட்ட கொள்குறிக் கேள்வி 171. அதுல 23 கேள்வி ஏ.ஐ. துணையோட எழுதினதுன்னு ஏப்ரல் மாசம்தான் வெளிய சொன்னாக. அந்த மாகாணத்து சுப்ரீம் கோர்ட்டுக்கே அதுக்கு முந்தித் தெரியாதாம். அந்த 23 கேள்வியை எழுதிக் கொடுத்த கம்பெனிதான் கேள்வியெல்லாம் தேறுமான்னு அளந்து பாக்கிற கம்பெனியும். சமைச்ச கையே இலையில உக்காந்து 'உப்பு சரியா இருக்கு'ன்னு ஏப்பம் விட்ட மாதிரி. வக்கீலுக்குப் படிச்சவன் சும்மா இருப்பானா? நம்ம ஏழாங்கிளாஸ் புள்ளைகதான் வாயில்லாப் பூச்சி. தப்புக் கேள்விக்கு முன்னால உக்காந்து 'எனக்குத்தான் தெரியலை போல'ன்னு நகத்தைக் கடிச்சுக்கிட்டு இருக்கும். பெரிய பரீட்சையில கேள்வி தப்புன்னா தொட்டவனுக்கெல்லாம் மார்க்குன்னு அறிவிப்பாவது வரும். உன் ஸ்லிப் டெஸ்ட்டுக்கு யாரு அறிவிக்கிறது?

அந்த நகம் கடிக்கிற புள்ளைதான் தாயி எனக்குப் பெரிய செலவாத் தெரியுது.

மிஷின் வந்தா வேலை மட்டும் சுருங்காது, கேள்வியும் சேந்து சுருங்கும். இது நான் சொல்ற தத்துவமில்ல, நடந்த கதை. மிச்சிகன்ல ரெனால்ட் ஜான்சன்னு ஒரு சயின்ஸ் வாத்தியாரு. சேட்டைக்காரர். சின்ன வயசுல காரோட ஸ்பார்க் பிளக்குல பென்சிலால கோடு கிழிச்சு வண்டியைக் கெளம்ப விடாமப் பண்ணுவாராம், பென்சில் கரியில கரண்டு ஓடும்ங்கிறதால. அதே சூட்சுமத்தை வச்சு, புள்ளைக பென்சிலால கட்டத்தைக் கருப்பாக்கினா அதைத் தொட்டுப் பாத்து மார்க் போடுற மிஷினைச் செஞ்சாரு. ஐ.பி.எம். அதை 1938-ல 805-ங்கிற நம்பர்ல வித்துச்சு. திருத்துற வேலை கொறஞ்சுச்சு, ரொம்ப நல்லது. ஆனா மிஷினுக்குக் கட்டம் மட்டும்தானே தெரியும்? அதுக்கு வாசிக்க வராத கேள்வி ஒவ்வொண்ணாத் தாளை விட்டு வெளியேறுச்சு. இன்னைக்கு டாக்டர் ஆகப்போற புள்ள மூணு மணி நேரம் வட்டத்தைக் கருப்பாக்குது. 'ஏன்'னு ஒரு வரி அதுகிட்ட யாரும் கேக்கல.

உன் தாளுலயும் அதைப் பாத்தேன். இருபதுல பத்தொம்பது கேள்வி 'யாது', 'எது', 'எத்தனை'. மிஷின் கேக்காதுன்னு இல்ல. நீ கேக்கச் சொல்லல. திருத்தச் சொகம்னு விட்டுட்ட.

நம்ம ஆளுக கேட்ட கேள்வி ஒண்ணு சொல்லட்டா? காரி நாயனார் எழுதின கணக்கதிகாரம்னு ஒரு பழைய கணக்குப் புத்தகம். பலாப்பழத்தை அறுக்காம உள்ள எத்தனை சுளை இருக்குன்னு சொல்லணும். காம்பைச் சுத்தி இருக்கிற முள்ளை எண்ணி, ஆறால பெருக்கி, அஞ்சால வகுன்னு வழி சொல்லியிருக்கு. சரியா வருமான்னு என்னைக் கேக்காத. உன் எட்டாங்கிளாஸைக் கேளு. ஒரு பழத்தை வாங்கி வகுப்புல வை. எண்ணச் சொல்லு, பெருக்கச் சொல்லு, எழுதி வைக்கச் சொல்லு, அப்புறம் அறு. கணக்கு சரியா வந்தா கணக்கு, தப்பா வந்தா அதுக்கு ஏன்னு ஒரு கேள்வி. ரெண்டுலயும் சுளை கெடைக்கும். இந்தக் கேள்வியை ஒரு தடவ கேட்டவன் சாகுற வரைக்கும் பலாப்பழத்தைச் சும்மா பாக்க மாட்டான்.

'தினம் ஒரு பலாப்பழத்துக்கு எங்க தாத்தா போறது'ன்னு முனகுறது காதுல விழுது. தினமும் யாரு பரீட்சை வைக்கச் சொன்னது? கேள்வி சும்மா கெடைக்குதுன்னு திங்கக்கிழமை ஸ்லிப் டெஸ்ட், செவ்வாக்கிழமை ஸ்லிப் டெஸ்ட்னு வெளுத்துக்கிட்டு இருக்க. வெதச்ச மறுநாளே மண்ணைக் கிளறி மொளச்சிருக்கான்னு பாத்த சம்சாரி எவனாவது வெள்ளாமை வீடு கொண்டு வந்திருக்கானா?

ஒண்ணு கேக்கிறேன், மறைக்காமச் சொல்லணும். ராத்திரிக்கு ரெண்டு மணி நேரம் மிச்சமாகுதுல்ல, அதை என்ன பண்ற? சத்தமாச் சொல்லு. புள்ளைக விவரத்தை எமிஸ் வெப்சைட்டுல ஏத்துறியா! அடி என் தங்கம். ஒரு மிஷின் உனக்கு மிச்சம் புடிச்சுக் கொடுத்த நேரத்தை இன்னொரு மிஷின் வாங்கித் தின்னுக்கிட்டு இருக்கு. நடுவுல நீ வாய்க்கால். நான் என்னமோ அந்த நேரத்துல நீ நோட்டுத் திருத்துவ, எந்தப் பய எங்க வழுக்குறான்னு பாப்பன்னு நெனச்சேன். அந்த 2/5 அங்கதானே தாயி கெடக்கு.

கெழவன் புத்தி சொன்னா யாரு கேக்கிறா. இருந்தாலும் சொல்லி வைக்கிறேன், கடலை உரிக்கிற கூலியா வச்சுக்க. மிஷினை நாப்பது கேள்வி போடச் சொல்லு, கஞ்சத்தனம் பண்ணாத. அதுல பன்னெண்டை எடு. சந்தையில கத்திரிக்கா பொறுக்கிற மாதிரி அமுக்கிப் பாத்து எடு. எடுத்ததை எல்லாம் நீயே பேனா புடிச்சுப் போட்டுப் பாரு. தப்பு விடைகளை அதுகிட்ட கேக்காத, புள்ளைக நோட்டுல இருந்து பொறுக்கு. பக்கத்து ஊர் டீச்சர்கிட்ட உன் தாளைக் கொடுத்துட்டு அவுக தாளை நீ வாங்கிப் பாரு. அடுத்தவுக தப்பைக் கண்டுபிடிக்கணும்னா தூக்கம் கலையும், மனுச ஜென்மம் அப்படி. எந்தப் புள்ள எத்தனை மார்க்குன்னு பேரோட அந்தச் செல்லுக்கு ஊட்டாத. அது ஊரான் வீட்டுத் திண்ணை, யாரு உக்காந்து கேக்கிறான்னு தெரியாது. தாளுக்கு ஒரு கேள்வியாவது நீயே எழுது. அது திருத்தக் கஷ்டமான கேள்வியா இருக்கட்டும்.

சரி, இருட்டப் போகுது, ஆட்டை அடைக்கணும். போறதுக்கு முந்தி அந்த ஏழாவது கேள்வியைத் திருத்திட்டுப் போ. பேனாவை எடு. 45-ஐ அடிச்சுட்டு 49-னு போடு. பதில் நாலு: 7, 14, 35, 42. பதினாலு சரி. ஏழுன்னு போட்டவன் ஏழுல ஒரு பங்கு எடுத்துட்டு ரெண்டால பெருக்க மறந்தவன். முப்பத்தஞ்சு போட்டவனுக்குக் கணக்கு வரும், வித்தது எத்தனைன்னு கேட்டா வீட்டுல மிச்சம் எத்தனைன்னு சொல்லியிருக்கான். கேள்வியை வாசிக்கக் கத்துக்கொடு. நாப்பத்திரண்டு போட்டவன் ரெண்டையும் பண்ணியிருக்கான். அவனை மட்டும் சாயங்காலம் எங்கிட்ட அனுப்பி வை. எங்கிட்ட பதினோரு ஆடு இருக்கு. கீழத்தெருவுல நாலை வாங்கிப் பதினஞ்சாக்கி வைக்கிறேன்... இல்ல இல்ல, மூணு வாங்கினாப் போதும். பதினாலுதானே ஏழுல போகும்.